கணக்கைக் கூலிக்கு விட்ட வரலாறு

கம்ப்யூட்டர் என்னும் ஆங்கிலச் சொல் இன்று ஒரு பொறியைக் குறிக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை அச்சொல் மனிதரையே குறித்தது. மேசைமுன் அமர்ந்து, பிறர் வகுத்துக் கொடுத்த முறைப்படி கூட்டியும் கழித்தும், பெருக்கியும் வகுத்தும் விடை காண்பதைத் தொழிலாகக் கொண்டவர் அப்பெயர் பெற்றனர். தமிழிலும் கணி, கணியன் என்னும் சொற்கள் காலத்தையும் கோளையும் கணித்துச் சொல்லும் மனிதருக்கே வழங்கின. கணியன் பூங்குன்றனார் என்னும் புலவர் பெயர் அதற்குச் சான்று. மனிதருக்குரிய பெயர் பொறிக்குரியதாய் மாறிய மாற்றத்தின் பின்னே பொறியியல் கணக்கின் வரலாறு அடங்கியிருக்கிறது.

பாலம் கட்டுவோரும் வானூர்தி செய்வோரும், ஒரு பொருளை உருவாக்குமுன் அது சுமையையும் வெப்பத்தையும் காற்றையும் தாங்குமா என்பதைக் கணக்கிலேயே நடத்திப் பார்க்கின்றனர். ஆங்கிலத்தில் சிமுலேஷன் எனப்படும் இதனை ஒத்திகைக் கணக்கு எனலாம். நாடகம் அரங்கேறுமுன் ஒத்திகை நடப்பது போல, பொருள் உலகில் தோன்றுமுன் எண்களின் அரங்கில் அதன் நடத்தை ஆராயப்படுகிறது. இவ்வொத்திகை நடக்கும் இடம் இன்று பொறியியலாளரின் அலுவலகமாக இருக்கவேண்டுவதில்லை. அவர் இணையத்தின் வழியே தம் வரைபடத்தைத் தொலைவிலுள்ள பெருங்கணிப்பொறிகளுக்கு அனுப்புகிறார். அங்கே கணக்கு முடிந்ததும் விடையைப் பெற்றுக்கொள்கிறார். பயன்படுத்திய அளவுக்குக் கட்டணம் செலுத்துகிறார். இதற்கு மேகக் கணிமை என்று பெயர்.

இந்த ஏற்பாடு முற்றிலும் புதியது என்று பலர் எண்ணுவர். வரலாற்றை நோக்கின் அவ்வாறன்று. பொறியியலாளர் தம் கணக்கைப் பிறரிடம் கூலிக்கு விடும் வழக்கம் நூறாண்டுக்கும் மேற்பட்டது. கணக்கைச் செய்தவர் மாறினர். கூலியின் அளவு மாறியது. கணக்கு நடந்த இடமும் மாறியது. மாறாது நின்றது ஒன்று உண்டு. கணக்கைக் கூலிக்கு விடலாம். அதன் பொறுப்பைக் கூலிக்கு விட இயலாது. அதனை மறந்தபோதெல்லாம் பெருங்கேடு விளைந்தது.

சிறுவர் செய்த கணக்கு

1910 ஆம் ஆண்டு லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேயர், இலண்டன் அரச கழகத்தின் முன் ஒரு கட்டுரையை வைத்தார். கல்லால் கட்டப்பட்ட ஓர் அணையின் உள்ளே நீரின் அழுத்தத்தால் எழும் தகைவுகளைக் காண்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஒரு பொருளின்மீது விசை செயற்படும்போது அதன் உள்ளே ஒவ்வோரிடத்திலும் எழும் அழுத்தமும் இழுப்பும் தகைவு எனப்படும். அணையின் வடிவம் எளிய வடிவம் அன்று. ஆதலின் நூல்களில் உள்ள வாய்பாடுகளால் அதன் தகைவைக் காண இயலவில்லை.

ரிச்சர்ட்சன் அணையின் குறுக்குவெட்டைச் சதுரக் கட்டங்களாகப் பகுத்தார். ஒவ்வொரு புள்ளியின் மதிப்பும் அதனைச் சூழ்ந்த புள்ளிகளின் மதிப்புகளோடு எவ்வாறு இயைய வேண்டும் என்பதை எளிய கூட்டல் கழித்தலாக மாற்றினார். பின்னர் அக்கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்து, புள்ளிகளின் மதிப்புகள் மெல்ல மெல்ல உண்மையை நெருங்குமாறு செய்தார். உயர்கணிதம் அறியாதவரும் செய்யத்தக்க வேலையாக அது அமைந்தது. அவ்வேலைக்கு அவர் சிறுவர்களை அமர்த்தினார்.

அவர் வகுத்த கூலி முறை நினைவில் வைக்கத்தக்கது. ஓர் எண்ணில் எத்தனை இலக்கங்கள் உள்ளனவோ, அத்தொகையைப் பதினெட்டால் வகுத்துக் கிடைக்கும் பென்னி ஒரு புள்ளிக்குரிய கூலி. மூன்று இலக்க எண்ணாயின் ஒரு புள்ளிக்கு ஒரு பென்னியில் ஆறில் ஒரு பங்கு. மிக விரைவாகச் செய்த சிறுவர்களுள் ஒருவன் வாரத்திற்கு 2,000 கணக்குகள் செய்தான். பிழையாகச் செய்தவை கழிக்கப்பட்டன. செய்த வேலையின் அளவுக்குக் கூலி என்னும் இன்றைய மேகக் கணிமையின் நெறி, மின்னணுப் பொறி தோன்றுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இவ்வாறு நடைமுறையில் இருந்தது.

முதல் உலகப்போரின்போது ரிச்சர்ட்சன் பிரான்சில் நோயாளர் ஊர்தி ஓட்டுநராகத் தொண்டாற்றினார். அங்கே தம் முறையை வானிலைக்கும் பயன்படுத்த முயன்றார். 1910 மே 20 ஆம் நாள் காலையில் ஐரோப்பாவில் அளக்கப்பட்ட வானிலை எண்களை எடுத்துக்கொண்டு, ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வாறு மாறியிருக்கும் என்பதைக் கையாலேயே கணித்தார். கணக்கிற்கு ஆறு வாரங்கள் ஆயின. 1917 இல் நடந்த போரில் அவருடைய கையெழுத்துப்படி தொலைந்து, சில திங்கள் கழித்துப் பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலின் அடியில் கிடைத்தது. 1922 இல் அது நூலாக வெளிவந்தது.

அக்கணக்கின் விடை முற்றிலும் தவறாக இருந்தது. காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று கணக்குக் கூறிற்று. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறாமலே இருந்தது. ரிச்சர்ட்சன் தம் தோல்வியை மறைக்காது அந்நூலிலேயே அச்சிட்டார். பிற்காலத்தில் அயர்லாந்து வானிலை அறிஞர் பீட்டர் லிஞ்ச் அதே கணக்கைக் கணிப்பொறியில் மீண்டும் செய்து பார்த்தார். ரிச்சர்ட்சனின் முறையில் அடிப்படைக் குற்றம் இல்லை. தொடக்கத்தில் இட்ட எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருந்ததே காரணம் என்பது தெளிவாயிற்று. அவ்வெண்களைச் சீர்செய்தபின் நம்பத்தக்க விடை கிடைத்தது. கூட்டலும் கழித்தலும் செம்மையாக நடந்தும் விடை பிழைபடலாம் என்னும் பாடம் இத்துறையின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டுவிட்டது.

அந்நூலில் ரிச்சர்ட்சன் ஒரு கனவையும் வரைந்தார். உலகின் வானிலை ஓடும் வேகத்திற்கு ஈடுகொடுக்க 64,000 கணக்கர் வேண்டும் என மதிப்பிட்டார். நாடக அரங்கு போன்ற ஒரு பெருமண்டபத்தில் அவர்கள் அனைவரும் அமர்ந்து, உலகின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு குழுவாகக் கணக்கிடுவர். நடுவில் உயர்ந்த மேடையில் ஒரு தலைவர் நின்று, முந்திச் செல்வோர்மீது செவ்வொளியும் பின்தங்குவோர்மீது நீலவொளியும் பாய்ச்சி அனைவரையும் ஒரே நிரலில் நடத்துவார். பல்லாயிரம் கணிப்பொறிகளை ஒரே கட்டடத்தில் அடுக்கி, வேலையைப் பகுத்துக் கொடுத்து, ஒரே நேரத்தில் இயங்கச் செய்யும் இன்றைய தரவு நிலையங்களைக் காண்போருக்கு அம்மண்டபம் நினைவுக்கு வரும்.

கூறுகளாக்கிக் காணும் முறை

சதுரக் கட்ட முறைக்கு ஒரு குறை இருந்தது. வளைந்த விளிம்பும் துளையும் மடிப்பும் உள்ள பொருள்கள் சதுரங்களில் அடங்குவதில்லை. இதற்கு வழி கண்டது சிறுகூறு முறை. ஆங்கிலத்தில் ஃபைனைட் எலிமெண்ட் முறை எனப்படுவது இதுவே. பொருளை முக்கோணம், நாற்கோணம் முதலிய சிறு கூறுகளாகப் பகுத்து வலை போல ஆக்குவர். ஒவ்வொரு கூறும் எளிய வடிவமாதலின் அதன் நடத்தையை எளிதிற் கூறலாம். கூறுகள் சந்திக்கும் கணுக்களில் அவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தும் நிபந்தனைகளையெல்லாம் சமன்பாடுகளாக எழுதினால் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பெருகும். அவற்றை ஒருங்கே விடுவித்தால் பொருள் முழுவதன் நடத்தையும் புலப்படும்.

இம்முறைக்குத் தந்தையர் பலர். கணித அறிஞர் ரிச்சர்ட் கூரான்ட் 1943 இல் முக்கோணங்களாகப் பகுக்கும் கருத்தை வெளியிட்டார். ஜான் ஆர்கிரிஸ் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் இலண்டனிலிருந்து வெளியிட்ட கட்டுரைத்தொடர் வானூர்தி அமைப்புகளின் கணக்கை ஒழுங்குபடுத்தியது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரே கிளஃப், 1952, 1953 ஆம் ஆண்டுகளின் கோடை விடுமுறைகளில் போயிங் வானூர்தி நிறுவனத்தில் பணிபுரிந்தார். பின்னோக்கிச் சாய்ந்த முக்கோண இறக்கையின் விறைப்பைக் காண்பது அங்கே அவருக்கு இடப்பட்ட வேலை. அதன் பயனாக டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வரும் எழுதிய கட்டுரை 1956 இல் வெளிவந்தது. இம்முறைக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை 1960 இல் இட்டவரும் கிளஃப் என்பவரே.

ஆயினும் கட்டடப் பொறியியலாளர் உடனே நம்பிவிடவில்லை. அவர்களை நம்பச் செய்தது மீண்டும் ஓர் அணையே. அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் உள்ள நார்ஃபோர்க் அணையில் செங்குத்தான ஒரு வெடிப்புக் கண்டது. அவ்வெடிப்போடு கூடிய அணை பாதுகாப்பானதா என்னும் வினா எழுந்தது. கிளஃபும் எட்வர்ட் வில்சனும் சிறுகூறு முறையைக் கொண்டு அதன் தகைவுகளைக் கணித்து, 1962 இல் முடிவை வெளியிட்டனர். சிறுவர்கள் தாளில் எழுதிக் கண்ட அணைக் கணக்கை, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் மின்னணுப் பொறி செய்தது.

மணிக்கணக்கில் வாடகை

அக்காலக் கணிப்பொறி ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். அதன் விலை பெரிய நிறுவனங்களாலும் அரசாலும் பல்கலைக்கழகங்களாலும் மட்டுமே தாங்கத்தக்கது. ஆதலின் பொறியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் வழி தேடப்பட்டது. 1961 இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நூற்றாண்டு விழாவில் பேசிய ஜான் மெக்கார்த்தி, தொலைபேசியைப் போலக் கணிப்பும் ஒருநாள் பொதுப்பணியாக அமையக்கூடும் என்றார். அதே ஆண்டில் அக்கழகத்திலேயே ஃபெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர், ஒரு கணிப்பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறையை இயக்கிக் காட்டினர்.

இந்த வாடகைக் காலத்தில்தான் பொறியியல் மென்பொருள்கள் பிறந்தன. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, 1960களின் இரண்டாம் பாதியில் தன் விண்கலங்களின் அமைப்பை ஆராய நாஸ்ட்ரான் என்னும் மென்பொருளை உருவாக்கச் செய்தது. பின்னர் அது பிற தொழில்களுக்கும் கிடைத்தது. பெர்க்லியில் வில்சன் 1970 இல் சாப் என்னும் மென்பொருளை வெளியிட்டார். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் அணு உந்துகலங்களுக்கான கணக்குகளைச் செய்துவந்த ஜான் ஸ்வான்சன் அங்கிருந்து விலகி, 1970 இல் பென்சில்வேனியாவில் தம் பண்ணைவீட்டில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ஆன்சிஸ் என்று இன்று உலகெங்கும் அறியப்படும் மென்பொருளின் முதல் வடிவை, துளையிட்ட அட்டைகளில் எழுதி, மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த பெருங்கணிப்பொறியில் அவர் உருவாக்கினார்.

1980களில் மேசைக் கணிப்பொறிகள் பரவின. கணக்கு வாடகை இடத்தை விட்டுச் சொந்த வீட்டிற்குக் குடிபெயர்ந்தது எனலாம். பொறியை வாங்குவோர் பெருகினர். ஆனால் மென்பொருளின் உரிமக் கட்டணம் மிகுதியாக இருந்தது. பெரிய நிறுவனங்கள் தாங்கின; சிறு பட்டறைகளும் வறிய கல்லூரிகளும் வாயிலிலேயே நின்றன.

ஹார்ட்ஃபோர்டு நகரின் கூரை

வாடகைக் கணிப்பொறி ஓங்கியிருந்த காலத்திலேயே, கணக்கின் விடையை நம்பும் பழக்கமும் வேரூன்றியது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஒரு பெரிய விளையாட்டரங்கிற்குக் கூரை அமைக்க 1970களின் தொடக்கத்தில் திட்டமிட்டனர். இரும்புக் கம்பிகளைப் பின்னிய முப்பரிமாணச் சட்டகம் அது. கைக்கணக்கில் அடங்காத அவ்வமைப்பைக் கணிப்பொறி எளிதில் கணித்துத் தந்தது. சட்டகத்தைத் தரையிலேயே பொருத்தி 1973 இல் மேலே உயர்த்தினர். அப்போது அதன் நடுப்பகுதி, கணக்குச் சொன்னதைப்போல் இரு மடங்கு தாழ்ந்து தொங்கியது. கட்டுவோர் இதனைத் தெரிவித்தபோது, கணக்கிற்கும் நடைமுறைக்கும் இத்தகைய வேறுபாடு இருப்பது இயல்பே என்று வடிவமைத்தோர் விடையிறுத்தனர்.

1978 ஜனவரி 18 விடியுமுன், பனிப்பொழிவின் சுமையால் அக்கூரை முழுவதும் இடிந்து வீழ்ந்தது. முந்திய இரவு சில மணி நேரத்திற்கு முன்பு வரை ஏறத்தாழ 5,000 பேர் அதன்கீழ் அமர்ந்து கூடைப்பந்தாட்டம் பார்த்திருந்தனர். அரங்கு காலியாக இருந்தமையால் ஓருயிரும் போகவில்லை. ஆராய்ந்தபோது காரணம் வெளிப்பட்டது. அழுத்தம் தாங்கும் மேற்கம்பிகள் பக்கவாட்டில் நெளியாதபடி முட்டுக்கொடுக்கப்பட்டுள்ளன என்று கொண்டே கணக்குச் செய்யப்பட்டிருந்தது. கட்டப்பட்ட கூரையில் அம்முட்டுகள் அவ்வாறு பயன்தரவில்லை. இல்லாத ஒரு கூரையைப் பற்றிக் கணிப்பொறி சரியான விடையைக் கூறியிருந்தது. கூரையே தொங்கி நின்று எச்சரித்தபோதும், கணக்கை மீண்டும் பார்க்க யாரும் முற்படவில்லை.

கடலில் அமிழ்ந்த மேடை

அடுத்த நிகழ்ச்சி நார்வேயில் நடந்தது. வட கடலில் எரிவாயு எடுக்க ஸ்லைப்னர் என்னும் மேடையை அமைத்தனர். அதன் அடிப்பகுதி, 24 அறைகள் கொண்ட மாபெரும் கான்கிரீட் கட்டுமானம். 1991 ஆகஸ்டு 23 ஆம் நாள் ஸ்டவாங்கர் நகரை அடுத்த காண்ட்ஸ்ஃபியோர்டில், மேல்தளத்தைப் பொருத்துவதற்கு முன்னோட்டமாக அதனை மெல்ல மெல்ல நீரில் ஆழ்த்தினர். ஏறத்தாழ 65 மீட்டர் ஆழத்தில் ஒரு சுவர் உடைந்து நீர் உட்புகுந்தது. நீரிறைக்கும் பொறிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. அங்கிருந்தோர் வெளியேறி உயிர் தப்பினர். சில நிமிடங்களில் கட்டுமானம் அமிழ்ந்து, 220 மீட்டர் ஆழத்தில் நொறுங்கிய குவியலாயிற்று. அதன் அதிர்ச்சி நிலநடுக்கமானிகளில் 3.0 அளவாகப் பதிந்தது. இழப்பு ஏறத்தாழ 70 கோடி அமெரிக்க வெள்ளி என மதிப்பிடப்பட்டது.

இங்கே கணக்கிட்டது நன்கு சோதிக்கப்பட்ட நாஸ்ட்ரான் மென்பொருள். மென்பொருளில் குற்றம் இல்லை. மூன்று அறைகள் சந்திக்கும் மூலைகளில் அதற்குக் கொடுக்கப்பட்ட சிறுகூறு வலை போதிய நுண்மையின்றி இருந்தது. அதனால் சுவரை வெட்டி நறுக்க முயலும் தகைவு 47 விழுக்காடு குறைவாக மதிப்பிடப்பட்டது. அம்மதிப்பை நம்பிச் சுவரின் பருமனையும் உட்கம்பியின் நீளத்தையும் முடிவு செய்துவிட்டனர். விபத்துக்குப் பின் நுண்ணிய முறையில் மீண்டும் கணித்தபோது, சுவர் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என விடை வந்தது. நிகழ்ந்ததோ 65 மீட்டரில். நன்றாக வினவியிருந்தால் நன்றாக விடை கிடைத்திருக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இதன் பிற்பகுதி இன்னும் ஆழ்ந்த பாடம் தருவது. எரிவாயு வழங்குவதாக ஒப்பந்தம் செய்திருந்தமையால் காலம் தாழ்த்த வழியில்லை. புதிய அடிப்பகுதியின் அளவுகளைப் பொறியியலாளர் கணிப்பொறிக்குக் காத்திராமல், நழுவுகோலைக் கொண்டு கணித்த முன்னோர் கையாண்ட கைக்கணக்கு முறைகளாலேயே முடிவு செய்தனர். 1993 ஏப்ரலில் அப்புதிய அடிப்பகுதியின்மீது மேல்தளம் வெற்றியாகப் பொருத்தப்பட்டது. விசைகள் எவ்வழியே பாய்ந்து எங்கே இறங்குகின்றன என்பதை மனக்கண்ணால் காணும் ஆற்றல் அவர்களிடம் எஞ்சியிருந்ததே அவ்வெற்றிக்குக் காரணம். அவ்வாற்றல் அருகிவிட்ட ஒரு தலைமுறையிடம் அதே இடர் நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே எண்ணிப் பார்க்கத்தக்கது.

மேகத்திற்குச் சென்ற கணக்கு

2006 ஆகஸ்டில் அமேசான் நிறுவனம் தன் கணிப்பொறிகளை இணையத்தின் வழியே யாவருக்கும் வாடகைக்கு விடத் தொடங்கியது. ஒரு பொறியை ஒரு மணி நேரம் பயன்படுத்தத் தொடக்கக் கட்டணம் பத்து அமெரிக்கக் காசு. ரிச்சர்ட்சனின் சிறுவர்களுக்குப் புள்ளிக் கூலி, ஸ்வான்சன் காலத்துப் பெருங்கணிப்பொறிக்கு மணி வாடகை, அதன்பின் சொந்தப் பொறி எனச் சென்ற வரலாறு மீண்டும் வாடகைக்கே திரும்பியது. வேறுபாடு அளவில் இருந்தது. பத்துப் பொறிகள் பத்து மணி நேரத்தில் முடிக்கும் வேலையை, அது சமமாகப் பகுக்கத்தக்கதாயின், நூறு பொறிகளுக்குக் கொடுத்து ஒரே மணி நேரத்தில் முடிக்கலாம்; வாடகை ஏறத்தாழ ஒன்றே. சொந்தப் பொறி வைத்திருப்போருக்கு இவ்வசதி இல்லை.

பொறி மலிந்தது, மென்பொருளின் விலை தடையாக நின்றது. அத்தடையைத் தளர்த்தியவை திறந்த மூல மென்பொருள்கள். பிரான்சு நாட்டு மின்வாரியம் தன் அணு உலைகளின் உறுதியை ஆராய உருவாக்கிய கோட் ஆஸ்டர் 2001 இல் யாவருக்கும் திறந்து விடப்பட்டது. இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் வேர்கொண்டு, காற்று, நீர் முதலியவற்றின் ஓட்டத்தைக் கணிக்கும் ஓப்பன்ஃபோம் 2004 இல் அவ்வாறே வெளிவந்தது. ஜெர்மனியின் மூனிக் நகரில் 2012 இல் தோன்றிய சிம்ஸ்கேல் போன்ற நிறுவனங்கள், இத்தகைய மென்பொருள்களை மேகக் கணிமையில் அமர்த்தி, இணைய உலாவியின் வழியே பயன்படுத்தக் கொடுத்தன. பயனர் செய்யும் கணக்கு எல்லாரும் காணும்படி திறந்திருக்க வேண்டும் என்னும் கட்டுப்பாட்டோடு, கட்டணமின்றிப் பயிலவும் அந்நிறுவனம் பின்னர் வழி செய்தது.

பயன்படுத்தும் முறை எளிது. பொருளின் முப்பரிமாண வரைபடத்தை அனுப்பவேண்டும். அது எஃகோ அலுமினியமோ எனத் தேர்ந்து குறிக்கவேண்டும். எங்கே பிடித்து நிறுத்தப்பட்டுள்ளது, எங்கே எவ்வளவு சுமை ஏறுகிறது என்னும் எல்லை நிலைகளைக் கூறவேண்டும். வலையை அமைக்குமாறு பணித்தால் மென்பொருளே பெரும்பாலும் அமைத்துவிடும். பின்னர் ஒரு பொத்தானை அழுத்தினால் தொலைவில் கணக்குத் தொடங்கும். சிறிது நேரத்தில் சிவப்பும் மஞ்சளும் நீலமும் தீட்டிய அழகிய படமாக விடை வந்து நிற்கும். விலையுயர்ந்த பொறியும் உரிமமும் இல்லாத ஒரு சிறு பட்டறையோ ஒரு மாணவரோ, முன்பு பெருநிறுவனங்கள் மட்டும் செய்த ஆராய்ச்சியை இன்று செய்ய முடிகிறது. அறிவின் வாயில் அகலத் திறந்த நிகழ்ச்சி இது.

மேகம் என்னும் பெயரைக் கேட்டு இது வானத்தில் நடப்பது என்று எண்ணுதல் கூடாது. கணக்கு நடக்கும் இடம் நிலத்தின்மீது எழுப்பிய கட்டடமே. அமேசான் 2010 இல் சிங்கப்பூரிலும் அத்தகைய நிலையத்தை அமைத்தது. மின்சாரமும் நிலமும் கருதி, 2019 முதல் 2022 வரை புதிய தரவு நிலையங்களுக்கு ஒப்புதல் அளிப்பதைச் சிங்கப்பூர் நிறுத்தி வைத்தது. 2020களில் ஜொகூரில் அவை விரைந்து பெருகின. மின்சாரத்தையும் குளிர்விக்கும் நீரையும் உண்டே மேகம் வாழ்கிறது. இணையம் அறுந்தால் கணக்கும் நிற்கும். சேவை தருவோர் கதவை அடைத்தால் பழைய கணக்குகளைத் திறக்க வழியிராது. மறைபொருளான வரைபடம் பிறர் பொறியில் தங்குகிறது. இவை நடைமுறைக் குறைகள். ஒப்பந்தத்தாலும் முன்னேற்பாட்டாலும் இவற்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

விடையை வினவும் கலை

ஒப்பந்தத்தால் தீராத குறை வேறொன்று. ரிச்சர்ட்சன் தம் கணக்கர்களின் அருகிலேயே இருந்தார்; ஒவ்வோர் எண்ணும் எவ்வாறு வந்தது என்பதை அறிந்திருந்தார். வாடகைக் கணிப்பொறிக் காலத்தில் அட்டைகளைத் துளையிட்டுக் கொடுத்து நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. வாடகையோ மிகுதி. ஆதலின் கணக்கைக் கொடுக்குமுன் பலமுறை எண்ணிப் பார்த்தனர். இன்று கணக்கு மலிவு, விடை விரைவு, படம் அழகு. இம்மூன்றும் சேர்ந்து எண்ணிப் பார்க்கும் இடைவெளியை விழுங்கிவிடுகின்றன. பிழையான எல்லை நிலையைக் கொடுத்தாலும் படம் அதே அழகோடுதான் வரும். சிறுவன் பிழை செய்தால் கூலி கழிந்தது. வினவியவர் பிழை செய்தால் மேகக் கணிப்பொறி கழிப்பதில்லை, கண்டிப்பதும் இல்லை.

இவ்விடரை உணர்ந்தோர் வழியும் கண்டுள்ளனர். பிரிட்டனில் 1983 இல் தோன்றிய நாஃபெம்ஸ் என்னும் அமைப்பு, முன்பே விடை தெரிந்த சோதனைக் கணக்குகளைத் தொகுத்து வெளியிட்டது. ஒரு மென்பொருள் சரியாகக் கணக்கிடுகிறதா என்பதையும், அதனைப் பயன்படுத்துவோர் சரியாக வினவுகின்றனரா என்பதையும் அவற்றைக் கொண்டு அறியலாம். தேர்ந்த பொறியியலாளர் ஒவ்வொரு கணக்கிலும் சில வினாக்களைக் கேட்பர். ஏற்றிய சுமையின் மொத்தமும் தாங்கும் இடங்களில் எழும் எதிர்விசையின் மொத்தமும் சமமா? வலையை இரு மடங்கு நுண்மையாக்கினால் விடை மாறாமல் நிற்கிறதா? வடிவத்தை எளிதாக்கிக் கையால் கணித்தால் அதே அளவில் விடை வருகிறதா? பொருள் வளையும் திசை நடைமுறை அறிவுக்கு ஒத்ததா? இவ்வினாக்களுக்குப் பெருங்கணிப்பொறி வேண்டா. ஒரு தாளும் எழுதுகோலும் சிறிது பொறுமையும் போதும். ஹார்ட்ஃபோர்டு கூரை தொங்கியபோது இவற்றுள் ஒன்றைக் கேட்டிருந்தாலும் கணக்கின் குறை வெளிப்பட்டிருக்கும். ஸ்லைப்னரின் மூலைகளில் வலையை நுண்மையாக்கிப் பார்த்திருந்தால் சுவர் பருத்திருக்கும்.

இங்கே ஆசிரியரின் பணி புலனாகிறது. மென்பொருளில் எப்பொத்தானை எப்போது அழுத்துவது என்பதைக் கற்பித்தல் எளிது. அடுத்த ஆண்டே பொத்தான் இடம் மாறிவிடும். மதிப்பிடுதல், தோராயமாகக் கணித்தல், விடையைக் கண்டதும் இஃது இயலுமா என்று ஐயுறுதல் ஆகிய பழக்கங்கள் பள்ளிப் பருவத்திலேயே வேர்கொள்ள வேண்டுவன. நீட்டலளவையும் நிறுத்தலளவையும் கற்பிக்கும் வகுப்பில், கணக்கைச் செய்யுமுன் விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்று மாணவரைச் சொல்லச் செய்யும் ஆசிரியர், எதிர்காலத்தில் ஒரு பாலம் இடியாமல் காப்பவராகவும் ஆகலாம். கணக்கை விரைவாகச் செய்யும் மாணவர்க்கு உள்ள பெருமை, வந்த விடையை மறித்து வினவும் மாணவர்க்கும் வகுப்பறையில் கிடைத்தல் வேண்டும்.

பழந்தமிழில் கணக்கு என்னும் சொல் எண்ணை மட்டுமன்றி நூலையும் குறித்தது. கீழ்க்கணக்கு என்னும் வழக்கு அதனைக் காட்டும். கணக்காயர் என்னும் சொல்லோ ஆசிரியருக்குப் பெயராயிற்று. கணியர் என்னும் பெயரைப் பொறி எடுத்துக்கொண்டது, எடுத்துக்கொள்ளட்டும். பல்லாயிரம் பொறிகள் தொலைவில் நின்று கூலிக்குக் கணக்கிடும் இக்காலத்தில், அவற்றிடம் எதை வினவுவது, வந்த விடையை எவ்வாறு ஐயுறுவது என்று கற்பிக்கும் கணக்காயர் முன்னிலும் மிகுதியாக வேண்டப்படுகின்றனர்.